படியும் சூத்திரமும்: வியாக்கியான மரபில் சுருக்கமும் விரிவும்

திருவாய்மொழிக்கு வாய்த்த வியாக்கியானங்கள் ஐந்தும் தம் அளவினாலேயே பெயர் பெற்றவை. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்னும் பெயர்களில் உரையாசிரியரின் பெயரும் இல்லை. உரையின் நோக்கத்தைக் குறிக்கும் சொல்லும் இல்லை. ஒற்று நீக்கி முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். அத்தகைய கிரந்தங்கள் எத்தனை என்னும் கணக்கே பெயராயிற்று. குருபரம்பரை வரலாறுகளும் ஆறாயிரப்படி என்றும் மூவாயிரப்படி என்றும் வழங்குவதைக் காணும்போது, இது ஏடு எழுதுவோர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட குறியீடு மட்டுமன்று என்பது விளங்கும். ஒரு நூல் எவ்வளவு பேச வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றிய உணர்வு இம்மரபில் மிகத் தொடக்கத்திலேயே கூர்மை பெற்றிருந்தது. அவ்வுணர்வு ஒரே திசையில் வளர்ந்ததன்று. சுருக்கத்தை அழகென்று கொண்ட காலமும், பெருக்கத்தை அழகென்று கொண்ட காலமும், இரண்டும் ஒருவர் கையிலேயே கூடிய காலமும் உண்டு.

தமிழிலக்கண நூலார் இதற்கு முன்பே சொல் வகுத்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருங்கச் சொல்லலை முதலிலும் விளங்க வைத்தலை அதனை அடுத்தும் வைத்தது. பத்துக் குற்றங்களிலோ குன்றக் கூறல் முதலிலும் மிகைபடக் கூறல் அதனை அடுத்தும் நின்றன. சுருக்கம் அழகு, ஆனால் குறைவு குற்றம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வரம்பு எது என்பதை இலக்கணம் சொல்லாது. நூல் செய்வோரே கண்டுகொள்ள வேண்டும். பூர்வாசார்யர்களின் கைகளில் அவ்வரம்பு இடம் மாறி மாறி விழுந்த கதையே வியாக்கியானங்களின் வரலாறு எனலாம்.

எம்பெருமானார் திருவாய்மொழிக்குத் தாமே உரை வரையவில்லை. தாம் ஓர் உரை இட்டால் ஆழ்வார் திருவாக்கின் பொருள் இவ்வளவே என்று உலகத்தார் வரையறுத்துவிடுவர், அது அருளிச்செயலுக்கு அவத்யமாய் முடியும் என்று அவர் திருவுள்ளம் பற்றியதாகப் பெரியோர் கூறுவர். ஆகவே திருக்குருகைப்பிரான் பிள்ளானை நியமித்தார். பிள்ளான் அருளிச்செய்த ஆறாயிரப்படியின் அளவு ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவு என்பது மரபு. பாசுரங்கள் 1102 ஆதலால், ஒரு பாசுரத்துக்குச் சராசரியாக ஐந்தரைக் கிரந்தம், அதாவது ஏறக்குறைய 174 எழுத்துகளே வாய்க்கின்றன. அவ்வளவுக்குள் அவர் செய்தது எளிய காரியமன்று. வடமொழித் தொகைச் சொற்களைச் சரம்போல் கோத்து, கீதாபாஷ்யத்தின் நடையை மணிப்பிரவாளத்துக்குள் கொணர்ந்து, ஆழ்வார் பாசுரத்தின்மேல் எம்பெருமானார் தரிசனத்தை முத்திரையாகப் பதித்தார். ஐதிஹ்யங்களுக்கு அங்கே ஏறக்குறைய இடமே இல்லை. மாற்றுப் பொருள்களை எடுத்து ஆராய்வதும் அரிது. இதனைக் கண்டு பிள்ளான் உரை முதிராத உரை என்றும், பின்வந்த பெருக்கங்களுக்கு வித்து மட்டுமே என்றும் சிலர் எழுதுவர். அது பொருந்தாது. முத்திரை சிறிதாயிருப்பது மெழுகு போதாமையால் அன்று.

அடுத்து நஞ்சீயர், பராசர பட்டரின் நியமனத்தால் ஒன்பதினாயிரப்படியை அருளிச்செய்தார். அளவில் ஸ்ரீபாஷ்யத்துக்கு ஒப்பானது என்பர். இவ்வுரையின் வரலாற்றில் சுருக்க விரிவுகளைப் பற்றிய கேள்வி ஒரு நிகழ்ச்சியாகவே நடந்தது. நஞ்சீயர் தம் உரையை நல்ல கையெழுத்தில் பட்டோலை கொள்ள விரும்பி, நம்பூர் வரதராஜர் என்பவரிடம் ஏடுகளைக் கொடுத்தார். வரதராஜர் காவிரியைக் கடக்கையில் வெள்ளத்தில் ஏடுகள் போயின. அவர் தம் ஊரில் அமர்ந்து, ஆசார்யர் திருவாக்கிலிருந்து கேட்டதை நினைவிலிருந்தே எழுதி முடித்தார். எழுதும்போது சில இடங்களில் தமக்குத் தோன்றிய சுவைப்பொருள்களையும் சேர்த்தார். நஞ்சீயர் வாங்கிப் பார்த்தபோது தாம் எழுதாதவை இருந்தன. நடந்ததை அறிந்த ஆசார்யர் சினக்கவில்லை. அவரை அணைத்து 'நம்பிள்ளை' என்று பெயரிட்டார். அப்பெயராலேயே உலகம் அவரை அறியும்.

ஆறாயிரத்தின் வழியில் பார்த்தால் இது மிகையே: சொல்லப்படாததைச் சேர்த்தல். நஞ்சீயர் அதனை மிகையாகக் கொள்ளவில்லை. இன்று நம் கையிலுள்ள ஒன்பதினாயிரப்படி அவ்விரண்டாம் எழுத்தே ஆதலால், அவ்வுரையின் எப்பகுதி ஆசார்யருடையது, எப்பகுதி சீடருடையது என்று பிரித்தறிய வழியில்லை. பிரிக்க வேண்டுமென்று மரபு விரும்பியதாகவும் தெரியவில்லை.

நம்பிள்ளை கோயிலில் எழுந்தருளியிருந்து காலக்ஷேபம் சாதித்த காலத்தில் பெருக்கம் தன் உச்சத்தை எய்தியது. அவர் அருளிச்செய்தவற்றைக் கேட்டோர் இருவர் இரு வகையாகப் பதிந்தனர். பெரியவாச்சான் பிள்ளை ஆசார்ய நியமனம் பெற்று ஸ்ரீராமாயணத்தின் அளவாக இருபத்துநாலாயிரம் வரைந்தார். வடக்குத் திருவீதிப் பிள்ளையோ பகலில் கேட்டதை இரவில் எழுதி, முப்பத்தாறாயிரமாக வளர்த்தார், அதுவே ஈடு. ச்ருதப்ரகாசிகையின் அளவுக்கு ஒத்தது என்று சொல்லப்படும். ஒரு பாசுரத்துக்கு இப்போது சராசரி 1045 எழுத்துகள். பிள்ளானைப் போல் ஆறு மடங்கு. நூலின் வாயிலிலேயே முதல் ச்ரிய:பதி, இரண்டாம் ச்ரிய:பதி, மூன்றாம் ச்ரிய:பதி என மூன்று முன்னுரைகள் நிற்கின்றன. ஒரு முறை தொடங்கி மனநிறைவு பெறாமல் மீண்டும் தொடங்கும் இந்தத் தவிப்பு எழுத்தினுடையதன்று, பேச்சினுடையது. ஒவ்வொரு நாளும் கோஷ்டியின் முன் புதிதாகத் தொடங்கிய ஒருவரின் குரல் அதில் கேட்கும்.

ஈட்டின் விரிவு சொற்பெருக்கால் வந்ததன்று என்பதை இங்குக் குறிக்க வேண்டும். அதன் வாக்கியங்கள் பெரும்பாலும் குறுகியவை. பிள்ளானின் தொகைச் சொற்களோடு ஒப்பிட்டால் எளியவை. அது பெருத்தது மனிதர்களால். ஆளவந்தார் ஒரு பொருள் சொன்னார், திருமலையாண்டான் ஒன்று சொன்னார், எம்பெருமானார் வேறொன்று கண்டார், பட்டரை ஒருவர் கேட்டார், நஞ்சீயர் மறுமொழி தந்தார் என்று பல தலைமுறையின் பேச்சு அங்கே குடியேறியிருக்கிறது. எம்பெருமானார் திருமலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டபோது சில பாசுரங்களுக்கு வேறு பொருள் விண்ணப்பித்தார். ஆண்டான் அவற்றை விசுவாமித்திர சிருஷ்டி என்று ஒதுக்கிக் காலக்ஷேபத்தையே நிறுத்தினார். திருக்கோஷ்டியூர் நம்பி வந்து, ஆளவந்தாரிடம் தாமும் அப்பொருளைக் கேட்டிருப்பதாகச் சொல்லி இருவரையும் சேர்த்துவைத்தார். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் இம்மாறுபாட்டுக்குரிய இரண்டு நிர்வாஹங்களும் ஈட்டில் அருகருகே நிற்கின்றன. தோற்ற கட்சி என்று ஒன்றை நீக்கியிருந்தால் உரை சுருங்கியிருக்கும். முடிந்த பொருளைச் சொல்வதே அழகு என்று கொள்ளும் சுருக்கத்தால் தாங்க முடியாத ஒன்றை ஈடு தாங்குகிறது: ஒரே பாசுரத்தின்முன் இரண்டு பெரியோர் மாறுபட்டு நின்றனர் என்னும் உண்மையை.

ஆனால் இப்பெருக்கத்தை நம்பிள்ளை உடனே வெளியிட விடவில்லை. தம் அனுமதியின்றி எழுதப்பட்டது என்னும் காரணத்தால் ஏடுகளை வாங்கி வைத்துக்கொண்டார். பின் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்தார். அவர் குமாரர் பத்மநாபப் பெருமாள், நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை என்று அது ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஓராண் வழியாகச் சென்று, திருவாய்மொழிப் பிள்ளையை அடைந்து, அவர் வழியே மணவாள மாமுனிகளிடம் வந்தது. இவ்வைதிஹ்யத்தை உபதேசரத்தினமாலையும் பேசுகிறது. நம்பிள்ளையின் திருவுள்ளத்தை அளக்க முயல்வது நமக்குத் தகாது. எனினும், எல்லாவற்றையும் ஏடே சொல்லிவிட்டால் ஆசார்யனை அடுத்துக் கேட்க வேண்டிய தேவை என்ன என்னும் கேள்வி அந்த ஏடுகளின் கனத்திலேயே இருந்தது என்பதை மறுக்க இயலாது.

ஈட்டை எழுதிய வடக்குத் திருவீதிப் பிள்ளையின் திருக்குமாரர்கள் இருவரும் பெருக்கத்தை விட்டுச் சூத்திரத்தைத் தேர்ந்தனர். தமிழ் உரைநடையின் வரலாற்றில் இதனினும் வியப்பான திருப்பம் ஒன்றைக் காட்டுவது கடினம். தந்தையார் ஒரு பாசுரத்துக்கு ஆயிரம் எழுத்து எழுதினார். மூத்த குமாரர் பிள்ளை லோகாசார்யர் சில சொற்களில் ஒரு சித்தாந்தத்தை நிறுத்தினார். முமுக்ஷுப்படியில் 278 சூத்திரங்களும் ஸ்ரீவசன பூஷணத்தில் 463 சூத்திரங்களும் உள்ளன. பல சூத்திரங்கள் ஒரு வரியைத் தாண்டுவதில்லை.

இச்சுருக்கம் எளிதில் வந்ததன்று. முமுக்ஷுப்படிக்கு மாமுனிகள் அருளிய அவதாரிகை, அந்நூல் பிறந்த வரலாற்றைச் சொல்கிறது. ரஹஸ்யத்ரயத்தின் பொருளை உலகோர்க்கு வெளியிடத் திருவுள்ளம் பற்றிய லோகாசார்யர் முதலில் யாத்ருச்சிகப்படியை அருளிச்செய்தார். அது மிகவும் சுருங்கிவிட்டது. ஆகவே பரந்தபடியை இட்டார்; அது மிகவும் விரிந்துவிட்டது. இரண்டு மிகைகளையும் தவிர்த்து ச்ரிய:பதிப்படியைச் செய்தார். அளவு சரியாக அமைந்தும் வடமொழி வாக்கியங்கள் மிகுந்தமையால் பெண்டிரும் சிறாரும் கற்க ஒண்ணாததாயிற்று. நான்காவதாக வந்ததே முமுக்ஷுப்படி.

ஒரே பொருளை ஒருவரே நான்கு முறை வார்த்தெடுத்தார் என்பது மட்டும் இங்கே செய்தியன்று. ஒவ்வொரு முறையும் எது குறையாகத் தோன்றியது என்பதை நோக்க வேண்டும். முதல் இரண்டிலும் குறை அளவைச் சார்ந்தது. மூன்றாவதில் குறை அளவில் இல்லை. யாருக்கு அந்நூல் எட்டாமற் போயிற்று என்பதில் இருந்தது. சுருங்கச் சொல்லலை அழகென்ற இலக்கண நூலார் விளங்க வைத்தலை அடுத்து வைத்தனர். யாருக்கு விளங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. லோகாசார்யர் கேட்டார். வடமொழித் தொகைச் சொல் எழுத்தை மிச்சப்படுத்தும். ஆனால் அம்மிச்சத்துக்கான விலையை, வடமொழி கல்லாதவர் தம் இழப்பால் கொடுக்க வேண்டியிருக்கும். பிள்ளானின் சுருக்கமும் லோகாசார்யரின் சுருக்கமும் ஒன்றல்ல என்பது இதனால் தெளிவாகும்.

அக்காலத்தின் இடரையும் மறக்கலாகாது. 1323-ல் தில்லிப் படை திருவரங்கத்தை அடைந்தபோது லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாடு எய்தினார் என்று குருபரம்பரை கூறும். வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகை ஏடுகளைக் காத்ததாக வழங்கும் வரலாறும் அதே கலகத்தைச் சேர்ந்தது. பெரிய நூலுக்கு ஏடு வேண்டும், ஏட்டைக் காக்க ஆள் வேண்டும். சூத்திரத்துக்கு நெஞ்சு போதும். இதற்காகவே சூத்திரங்கள் செய்யப்பட்டன என்று சொன்னால் அது காரணத்தைப் பின்னிருந்து கற்பிப்பதாகும். ஆயினும் ஓடும் காலத்தில் எது உடன் வரும் என்பதைத் திருவரங்கத்தார் அன்று கண்கூடாகக் கண்டனர்.

இளையவர் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம் வேறொரு வகைச் சுருக்கம். அதன் 234 சூர்ணிகைகளும் பெரும்பாலும் ஆழ்வார்களின் சொற்களாலேயே தொடுக்கப்பட்டவை. ஒரு பாசுரத்தின் ஒற்றைச் சொல்லை எடுத்து, இன்னொரு பாசுரத்தின் சொல்லோடு சேர்த்து, நடுவே தம் சொல்லாக ஓர் உருபோ இடைச்சொல்லோ மட்டும் வைப்பார். அருளிச்செயல் நெஞ்சில் இல்லாதவருக்கு அந்நூல் சொற்குவியல். உள்ளவருக்கு ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு திருவாய்மொழி முழுவதும் வந்து நிற்கும். சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் நியூயார்க் நகரத்து ஓவியரும் சிற்பியரும் மினிமலிசம் என்ற பெயரால் அறியப்பட்ட ஒரு நெறியைக் கைக்கொண்டனர். அணியையும் கதையையும் குறிப்பையும் நீக்கி, இரும்புப் பெட்டி இரும்புப் பெட்டியாகவே நிற்கட்டும், காண்பதற்கு அப்பால் பொருள் தேட வேண்டா என்பது அவர்களுள் பலரின் துணிவு. நாயனாரின் சுருக்கம் அதற்கு நேர் மாறானது. அதில் எச்சொல்லும் தன்னளவில் நிற்பதில்லை. எல்லாம் வேறோரிடத்தைக் காட்டும் விரல்கள். குறைத்தல் என்னும் செயல் ஒன்றாயினும், குறைத்தபின் எஞ்சுவது ஒரு நெறியில் பொருள், மற்றதில் நினைவு.

இவ்விடத்தில் பன்னீராயிரப்படியைச் சொல்ல வேண்டும். அதன் ஆசிரியர் வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர், பூர்வாச்ரமத்தில் பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கரியம் செய்துகொண்டிருந்த எழுத்தறியாதவர் என்று வரலாறு கூறும். சாத்திரம் பேசிக்கொண்டிருந்த சிலரிடம் அவர், என்ன நூல் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். 'முசல கிசலயம்' என்றனர். முசலம் உலக்கை, கிசலயம் தளிர். உலக்கை தளிர்த்த கதை என்று எள்ளினர். அவர் அதனை ஆசார்யனிடம் விண்ணப்பிக்க, பெரியவாச்சான் பிள்ளை தாமே அவருக்குக் கற்பித்தார். கற்றவர் முதலில் முசலகிசலயம் என்ற பெயராலேயே ஒரு நூல் செய்தார். திருவாய்மொழிக்கு அவர் அருளிய பன்னீராயிரம், பதந்தோறும் பொருள் சொல்லும் உரை. ஈட்டின் ரஸம் அதில் இல்லை என்று வருந்துவோர் உண்டு. பாசுரத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நிற்பது என்ன என்பதை அறிந்த ஒருவர் செய்த உரை அது. எதையும் தெரிந்ததாகக் கொண்டு விட்டுச்செல்லாமல், மிகுதியாகவும் பேசாமல், அவர் பதம் பதமாக நடக்கிறார்.

தேசிகரும் இவ்விரு நெறிகளிலும் நடந்தவர். ரஹஸ்யத்ரயஸாரத்தை முப்பத்திரண்டு அதிகாரங்களாக விரித்தவரே சில்லரை ரஹஸ்யங்களைச் செய்தார். திருவாய்மொழியின் பொருளைத் தாத்பர்ய ரத்னாவளியில் 130 சுலோகங்களாகவும், ஸாரத்தில் 26 சுலோகங்களாகவும் இருமுறை திரட்டினார்.

மணவாள மாமுனிகளிடம் வருகையில், அதுவரை வந்த நெறிகள் எல்லாம் ஒருவரிடமே சேர்கின்றன. நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு காலம் ஈட்டைக் காலக்ஷேபம் சாதித்தவர் அவர். உத்ஸவங்களும் நிறுத்தப்பட்டு எம்பெருமான் தானே கேட்டருளினான் என்பதும், சாற்றுமுறையன்று ஸ்ரீசைலேச தனியன் அவதரித்தது என்பதும் யாவரும் அறிந்தவை. அந்த முப்பத்தாறாயிரத்தையே அவர் திருவாய்மொழி நூற்றந்தாதியில் நூறு வெண்பாக்களாக வடித்தார். பத்துப் பாசுரங்களின் பொருள் ஒரு வெண்பாவில் அடங்க வேண்டும், அது ஈட்டின் வழியே செல்ல வேண்டும், திருவாய்மொழியின் முதலும் முடிவும் வெண்பாவின் முதலிலும் முடிவிலும் வர வேண்டும், ஆழ்வார் பெருமையும் இடம்பெற வேண்டும், இத்தனைக்கும் நாலடி. இத்தனை கட்டுகளோடு எழுந்த நூல் கற்போர் நாவில் தங்கு தடையின்றி ஓடுவது வியப்பே.

அவருடைய அளவுணர்வுக்கு நூற்றந்தாதியினும் நுண்ணிய சான்று பெரியாழ்வார் திருமொழி வியாக்கியானத்தில் உள்ளது. பெரியவாச்சான் பிள்ளையின் உரையில் பெரும்பகுதி ஏடழிந்து போயிற்று. மாமுனிகள் நினைத்திருந்தால் முழுத் திருமொழிக்கும் புதிய உரை ஒன்றை இட்டிருக்கலாம்; அதற்குக் குறை சொல்வார் யார்? அவரோ அழிந்த பகுதிக்கு மட்டும் உரை வரைந்து, எஞ்சிய பகுதி தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். இன்று அவ்வியாக்கியானத்தை வாசிப்பவர் ஓரிடத்தில் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிறார்; அம்மாற்றத்தை அறிவிக்கும் சொல் உரைக்குள் ஒன்றும் இல்லை. ஈட்டில் எடுத்தாளப்பட்ட மேற்கோள்களுக்கு அவர் பிரமாணத் திரட்டு செய்ததும் இத்தகைய பணியே. தம் குரல் கேளாதிருக்க வேண்டிய இடங்களை அவர் அறிந்திருந்தார்.

சூத்திரங்களுக்கு அவர் இட்ட வியாக்கியானங்களைப் பற்றித் தனியே ஆராய வேண்டும். லோகாசார்யரும் நாயனாரும் நினைவை நம்பிச் சுருக்கினர். மாமுனிகளின் காலத்தில், கலகங்களுக்கும் இடப்பெயர்ச்சிகளுக்கும் பின், அந்நினைவு முன்போல் பரவியிருக்கவில்லை. ஆசார்ய ஹ்ருதயத்தின் ஒரு சொல் எந்தப் பாசுரத்தைக் காட்டுகிறது என்று அறிந்தவர் அருகினால் அந்த விரல் வெறுவெளியைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் அது வந்த இடத்தைச் சொல்லி, இடத்துக்கு ஏற்ற பொருளைச் சொல்லி, சூர்ணிகையின் கட்டு அவிழாமலே அதனை விரித்தார். அவ்வுரை அவரது இறுதிக் காலத்தில் எழுந்தது. திருமேனி நலிந்து, அமர்ந்து எழுத இயலாமல், சாய்ந்த நிலையிலேயே மிக வருந்தி அதனை எழுதிக்கொண்டிருந்தார் என்றும், இவ்வளவு சிரமம் எதற்கு என்று சீடர்கள் விண்ணப்பித்தபோது, இது உங்களுக்காக அன்று, உங்கள் புத்திர பௌத்திரர்களுக்காக என்னும் கருத்துப்பட அருளிச்செய்து மேலும் எழுதினார் என்றும் வரலாறு வழங்கும்.